நாராவில் மானுக்கும் மரியாதை

ஒசாகாவின் நம்பா நிலையத்தில் கிந்தெட்சு ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் நாரா வந்துவிடுகிறது. 710 முதல் 784 வரை பெரும்பாலும் ஜப்பானின் தலைநகராக விளங்கிய ஊர் என்பதால், தோதாய்ஜி கோயிலில் பதினைந்து மீட்டர் உயரத்துக்கு அமர்ந்திருக்கும் வெண்கலப் புத்தரைப் பார்க்கவே எல்லோரும் அங்கே போகிறார்கள். ஆனால் புத்தரிடம் போய்ச் சேருவதற்குள் மான்களிடம் கணக்குத் தீர்த்தாக வேண்டும்.

நாரா பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் வேலியோ கயிறோ இல்லாமல் திரிகின்றன. கசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மான்மீது ஏறி இவ்வூருக்கு வந்ததாக ஐதிகம் இருப்பதால், அவை தெய்வத்தின் தூதர்களாகக் கருதப்படுகின்றன. அரசும் தன் பங்குக்கு 1957இல் அவற்றை நாட்டின் இயற்கைச் சின்னமாக அறிவித்துவிட்டது. தெய்வத்தின் சிபாரிசும் அரசாங்க ஆணையும் ஒருங்கே வாய்த்த ஒரு பிராணி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியேதான் அவை நடந்துகொள்கின்றன. கடிக்கும், உதைக்கும், முட்டும், இடித்துத் தள்ளும் என்று நான்கு படங்கள் போட்டு எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையின் அடியிலேயே ஒரு மான் சாதுவாகப் படுத்திருந்தது.

மானுக்கென்று தவிட்டையும் மாவையும் கலந்து, சர்க்கரை சேர்க்காமல் செய்யும் பிஸ்கட்டைப் பூங்காவெங்கும் விற்கிறார்கள். நாங்கள் போனபோது ஒரு கட்டு 200 யென். கடைப்பலகையில் பிஸ்கட் அடுக்கி வைத்திருந்தபோதும் மான்கள் அதில் வாய் வைப்பதில்லை. பந்தி விரிக்கட்டும் என்று காத்திருக்கும் சம்பந்தி வீட்டாரைப் போல, எங்கேயோ பார்த்துக்கொண்டு கௌரவமாக நிற்கின்றன. காசு கைமாறிக் கட்டு நம் கைக்கு வந்த கணத்தில்தான் அவற்றுக்கு நம்மைத் தெரிகிறது.

என்னை அழைத்துப்போன சித்தப்பா நெடுங்காலமாக ஒசாகாவில் வேலை பார்ப்பவர். எதிரே யார் குனிந்தாலும் பதிலுக்குக் குனியாமல் இருக்க அவரால் இயலாது. நாராவின் மான்களோ பிஸ்கட்டுக்காகத் தலைவணங்கப் பழகியவை. ஒரு மான் வந்து அவருக்கு முன்னால் தலையைத் தாழ்த்தியது, சித்தப்பாவும் இடுப்பை வளைத்து வணங்கினார். மான் மறுபடி வணங்கவே, முதலில் நிறுத்துகிறவர் மரியாதை தெரியாதவர் ஆகிவிடுவார் என்ற அலுவலக நியதிப்படி அவரும் மறுபடி வணங்கினார். இப்படியே போய்க்கொண்டிருந்ததில், பிஸ்கட்டைக் கொடுக்க வேண்டும் என்பதை அவர் மறந்தே போனார். மானின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? அது அவருடைய சட்டையின் அடிவிளிம்பைப் பல்லால் கவ்வி, ஆத்திரமே இல்லாமல், பழைய பாக்கியை வசூலிக்க வந்தவரின் நிதானத்தோடு இழுத்தது.

கட்டு தீர்ந்தபின் இரு கைகளையும் விரித்துக் காட்டினால் மான்கள் விலகிப்போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். என்னைச் சூழ்ந்திருந்தவை உண்மையாகவே விலகின. சித்தப்பாவால்தான் கைகளை விரிக்க முடியவில்லை, ஏனென்றால் ஒரு கையில் சித்தி கட்டிக்கொடுத்த புளியோதரைப் பை இருந்தது. மனிதர் உண்பதை மானுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. ஆகவே பையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தபடி அவர் முன்னே நடக்க, எட்டுப் பத்து மான்கள் பின்தொடர, சுவாமி புறப்பாடு போன்ற கம்பீரத்தோடு நாங்கள் தோதாய்ஜியின் நந்தாய்மோன் வாயிலை அடைந்தோம். அங்கே 1203இல் செதுக்கப்பட்ட, எட்டு மீட்டருக்கும் மேல் உயரமுள்ள இரண்டு காவல் தெய்வங்கள் கண்களை உருட்டிக்கொண்டு நிற்கின்றன. மான்கள் அவர்களைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

புத்தர் இருக்கும் மண்டபம் போரில் இருமுறை எரிந்து, 1709இல் முன்னைவிட அகலம் குறைத்துக் கட்டப்பட்டது. குறைத்தும் அது உலகின் மிகப் பெரிய மரக் கட்டடங்களுள் ஒன்றாக இருக்கிறது. இந்தப் புத்தருக்கு 752இல் கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவி. அவர் பிடித்திருந்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தோரும் அவற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்கு பெற்றார்களாம். இதைச் சொல்லும்போது சித்தப்பாவின் குரலில், போதிசேனர் நம் தெருக்காரர் என்பது போன்ற ஒரு பெருமிதம் இருந்தது.

புத்தருக்குப் பின்புறம் உள்ள ஒரு தூணின் அடியில் குடைந்த துவாரம் ஒன்று இருக்கிறது. அது புத்தரின் மூக்குத்துவாரத்தின் அளவு என்றும், அதற்குள் நுழைந்து வெளியே வருகிறவருக்கு ஞானம் கிட்டும் என்றும் நம்புகிறார்கள். மஞ்சள் தொப்பி அணிந்த பள்ளிக் குழந்தைகள் சர்ரென்று நுழைந்து வெளியேறிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா துவாரத்தையும் தம் வயிற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்கு ஞானம் ரிட்டயர் ஆனப்புறம் போதும், நீ போ" என்றார்.

கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நான் நுழைந்தேன். தலையும் தோளும் எளிதாக வந்துவிட்டன. இடுப்பு மட்டும் நின்றுவிட்டது. முன்னாலிருந்து சித்தப்பா என் கைகளை இழுத்தார், பின்னாலிருந்து யாரோ ஒரு பாட்டி "சுமிமாசேன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என் பாதங்களைப் பிடித்துத் தள்ளினார், குழந்தைகளோ "கம்பாரே, கம்பாரே" என்று தாளம் தப்பாமல் உற்சாகமூட்டினார்கள். ஒருவழியாக நான் வெளியே வந்து விழுந்தபோது, காக்க வைத்ததற்காகச் சித்தப்பா வரிசையை நோக்கிக் குனிந்து வணங்கினார். வரிசை முழுவதும் திரும்ப வணங்கியது. அவரை நிமிர்த்தி அழைத்து வருவதற்கு, துவாரத்திலிருந்து வெளிவருவதைவிட அதிக நேரம் பிடித்தது.

தூணிலிருந்து என் தலையும் கைகளும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தேன். அம்மாவிடமிருந்து உடனே பதில் வந்தது: "அவ்வளவு தூரம் போயிருக்க, எழுந்து நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கக் கூடாதா? பின்னாடி புத்தரே தெரியலையே."