எனக்கு எதுவானாலும் சரி

ஏப்ரல் 20, 2025. திருச்சி

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் லீவுப் பேச்சை எடுத்தான். "கொடைக்கானல் போவோமா?" அண்ணி, "குளுகுளுன்னு இருக்கும்" என்றார். அப்பா தலையாட்டினார். அம்மா, "உங்க இஷ்டம்ப்பா." என் முறை வந்தபோது தரங்கம்பாடி என்ற பெயர் நாக்கு நுனியில் நின்றது. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை, எதிரே கடல். சாயங்காலம் அங்கே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

"எனக்கு எதுவானாலும் சரி" என்றேன்.

ஏப்ரல் 22

வார இறுதியில் கொடைக்கானலுக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டிகளுக்குத்தான் இ-பாஸ். அண்ணன் ஆபீஸ் வேலைக்கு நடுவே அதற்கும் காட்டேஜுக்கும் அலைகிறான். எனக்கு எரிச்சலாக வருகிறது. வாயே திறக்காதவளுக்கு எரிச்சல் என்ன வேண்டியிருக்கிறது?

எங்கள் வீட்டில் இது பழக்கம். ஓட்டலில் முதல் ஆள் ரவா தோசை என்றால், மற்ற நாலு பேரும் "எனக்கும் அதே". வேறு கேட்டால் பிடிவாதக்காரி.

கல்லூரியில் படித்த சாலமன் ஆஷின் சோதனை ஞாபகம் வந்தது. 1950-களில் அமெரிக்காவில் செய்தது. கூட இருப்பவர்கள் எல்லாரும் கோட்டின் நீளத்தைத் தப்பாகச் சொன்னால், கண்ணெதிரே சரியான கோடு இருந்தும் பலர் ஒரு தடவையாவது அந்தத் தப்பையே சொன்னார்கள். பதிலைத் தாளில் தனியாக எழுதச் சொன்னபோது அது வெகுவாகக் குறைந்தது.

ஏப்ரல் 26

அஞ்சு சீட்டு, ஒரு எவர்சில்வர் டப்பா. "உத்திரமேரூர் குடவோலையா?" என்று அப்பா கேலி செய்தார். அங்கே குடத்திலிருந்து சிறுவன் எடுத்த ஓலைதான் முடிவு, யாருக்கு எது விருப்பம் என்று எண்ணவில்லை என்று விளக்கினேன். யாரும் கேட்கவில்லை.

பெயர் போடவில்லை என்றாலும் கையெழுத்து காட்டிக்கொடுத்தது. அண்ணி: காரைக்குடி. அப்பா: வீட்டிலேயே இருக்கலாம், முழங்கால். நான்: தரங்கம்பாடி. அண்ணன் எழுதியிருந்தது: "மலைப்பாதையில் வண்டி ஓட்ட பயம். நீங்கள் ஆசைப்படுவீர்கள் என்றுதான் சொன்னேன்."

அம்மாவின் சீட்டில், "எல்லாருக்கும் எதுவோ அது."

காட்டேஜுக்குக் கட்டிய முன்பணம் திரும்பி வராதாம். ஆக, கொடைக்கானல்தான். டிரைவர் வைத்துக்கொள்வதாக முடிவு.

ராத்திரி பாத்திரம் துலக்கும்போது அம்மாவிடம் மறுபடி கேட்டேன். "அடுப்பு பத்த வைக்காத ஊரா இருந்தா போதும்டி" என்றாள்.

அண்ணன் பிடித்திருப்பது சமையலறையோடு சேர்ந்த காட்டேஜ். அதை ஒரு வாரமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மணி பதினொன்று. அவன் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.