மூன்று முறை துவைத்த துணி

வாஷிங் மெஷினில் போட்ட துணியை எடுத்து உலர்த்துவது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் எனக்கு நான்கு நாட்களாக வாய்க்கவில்லை. முதல் நாள் துவைத்தேன், எடுக்கவில்லை. மறுநாள் ஈர வாடை அடித்ததால் திரும்பவும் துவைத்தேன். அன்றும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை துவைத்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்தபடி மெஷினுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. கையை நீட்டித் துணியை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, கை எழவில்லை. அவ்வளவுதான்.

இதை நான் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். அதற்கு முன் பல மாதங்களாக யாராவது கேட்டால் "உடம்பு கொஞ்சம் முடியல" என்பேன். பொய்யும் இல்லை. தோள்பட்டை வலித்தது, பசி போயிருந்தது, விடிகாலை மூன்றரைக்கு அலாரம் வைத்ததுபோல விழிப்பு வந்தது. மனசில் ஏதோ கோளாறு என்று தோன்றவே இல்லை. நம் பேச்சுவழக்கும் இதற்குத் தோதாக இருக்கிறது. வேலை நெருக்கடிக்கும் 'மன அழுத்தம்' என்கிறோம், டிப்ரஷனுக்கும் அதையே சொல்கிறோம். இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. நெருக்கடி என்றால் அது தீர்ந்ததும் மூச்சு விடலாம். எனக்கோ நெருக்கடி எதுவுமே இல்லை. விடுமுறை நாளில்தான் இன்னும் மோசமாக இருந்தேன். மனச்சோர்வு என்ற சொல்தான் இதற்குப் பொருந்தும். அதிலும் 'சோர்வு' என்ற பாதி மிகச் சரியான சொல்.

கண்டுபிடித்தது அக்காதான். ஒரு நாள் போன் செய்து, "நாலு மாசமா நீ எனக்கு அனுப்பினது எல்லாத்தையும் இப்பத்தான் மேல தள்ளிப் பார்த்தேன். வெறும் கட்டைவிரல். ஒரு வார்த்தை கிடையாது. என்ன ஆச்சு உனக்கு?" என்றாள். "ஒண்ணும் இல்லக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். அது வெளியே வரவில்லை. துணி விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட போறோம், நான் கூட வரேன்" என்றாள். அந்த 'போறோம்' இல்லையென்றால் நான் போயிருக்க மாட்டேன். நம்பரைத் தேடி எடுத்து, அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்கான தெம்பைத்தான் இந்த நோய் முதலில் பறித்துக்கொள்கிறது.

டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, வைட்டமின் டி. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் ஆள் இதே மாதிரி துவண்டுதான் போவார் என்பதால், அதை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும் என்றார். எனக்கு பி12 குறைவாக இருந்தது. 'அப்பாடா, வைட்டமின்தான்!' என்று மனம் துள்ளியது. மாத்திரை சாப்பிட்டேன், அளவு சரியானது, மனம் அங்கேயே கிடந்தது.

அப்புறம் ஒரு தாள் கொடுத்தார். பிஎச்க்யூ-9 என்று பெயர், ஒன்பதே கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வமின்மை, தூக்கம், பசி, களைப்பு, தன்னைப் பற்றிய தாழ்ந்த எண்ணம் இவையெல்லாம் எத்தனை நாட்கள் தொந்தரவு செய்தன என்று 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். மொத்தம் 27. எனக்கு 14 வந்தது. 10 முதல் 14 வரை நடுத்தரம், அதற்கு மேல் போகப்போகத் தீவிரம். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. பேனா அங்கே நின்றது. சாக வேண்டும் என்று திட்டம் எதுவும் இல்லை. ஆனால் தூங்கினால் எழாமலே போய்விட்டால் நல்லது என்று சில நாட்கள் நினைத்திருந்தேன். 1 போட்டேன். டாக்டர் அதைத்தான் முதலில் எடுத்தார். எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், ஏதாவது செய்துகொள்ள நினைத்ததுண்டா என்று நேராகவே கேட்டார். பதில் சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. அந்த எண்ணம் கூடினாலோ, வழி யோசிக்க ஆரம்பித்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது, உடனே அவசர சிகிச்சைக்கு வர வேண்டும் அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்று அக்காவிடமும் சொன்னார்.

"மாத்திரை வேண்டாம், இயற்கையா ஏதாவது இருக்கா?" என்று நான்தான் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிரிட்டனின் 2022 மருத்துவ வழிகாட்டுதலேகூட, தீவிரம் குறைந்த மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பில் மாத்திரையை வழக்கமாகக் கொடுக்கச் சொல்வதில்லையாம். நோயாளி விரும்பிக் கேட்டால் கொடுக்கலாம். என் நிலை விளிம்பில் இருக்கிறது, மனநல ஆலோசகரிடம் வாரம் ஒரு அமர்வு, ஆறு வாரம் கழித்து இதே தாள், எண் இறங்காவிட்டால் மாத்திரை பற்றிப் பேசுவோம் என்றார். "மாத்திரை உங்க எதிரி இல்லை. தேவையான்னு பார்ப்போம்" என்றும் சொன்னார்.

ஆலோசகர் முதல் நாளே என் குழந்தைப் பருவத்தைத் தோண்டுவார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தேன், அப்போது மனநிலை பத்துக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும், ஒரு வாரம். அவ்வளவுதான் மருத்துவமா என்று எனக்கு எரிச்சல். ஒரு வாரம் கழித்து நோட்டைப் பார்த்தபோது எரிச்சல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை ஒரே வரி: 'படுக்கை, போன்.' மனநிலை 2, 2, 2, 1, 1. ஓய்வு எடுத்தால் தேறிவிடுவேன் என்று நம்பி நான் செய்துகொண்டிருந்தது அதுதான். அதே நாள் ஐந்து மணிக்கு 'செடிக்குத் தண்ணீர்' என்று ஒரு வரி. எதிரே 4.

இரண்டாம் வாரம் இன்னொரு பத்தி சேர்த்தார். ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன், 'இது எனக்கு எவ்வளவு பிடிக்கும்' என்று ஊகித்து எழுத வேண்டும். செய்த பிறகு, உண்மையில் எவ்வளவு என்று எழுத வேண்டும். குளியல்: ஊகம் 1, உண்மை 3. நண்பனுக்குப் போன்: ஊகம் 0, உண்மை 4. பாத்திரம் கழுவுவது: ஊகம் 1, உண்மை 2. ஏறக்குறைய எல்லா வரியிலும் ஊகம்தான் கீழே இருந்தது. என் மூளை வானிலை அறிக்கை சொல்கிற மாதிரி தினமும் 'ஒரு பிரயோஜனமும் இல்லை' என்று அறிவித்துக்கொண்டிருக்கிறது, அந்த அறிக்கை தினமும் பொய்த்துக்கொண்டிருக்கிறது. என் கையெழுத்திலேயே சாட்சி இருந்ததால் மறுக்க முடியவில்லை. மனசு வந்ததும் செய்யலாம் என்று இவ்வளவு நாளும் காத்திருந்தேன். செய்தால்தான் மனசு வரும், அதுவும் ஒன்று இரண்டு புள்ளிதான் வரும் என்பது எனக்குப் புதிய செய்தி.

இதற்கு நடத்தைத் தூண்டல் சிகிச்சை என்று பெயராம். 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் போட்ட அடித்தளம். செயல் குறையக் குறைய மனதுக்குக் கிடைக்கும் சின்னச் சின்ன இன்பங்கள் குறையும், அதனால் இன்னும் செயல் குறையும். இந்தச் சுழலைச் செயல் என்ற முனையில் பிடித்து நிறுத்துவதுதான் சூட்சுமம்.

நடைக்கு வருகிறேன். 'நாலு எட்டு நடந்தா எல்லாம் சரியாயிடும்' என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்றும் கொஞ்சம் கடுப்பு உண்டு. மெஷினிலிருந்து துணியை எடுக்க முடியாதவனிடம் முக்கால் மணி நேர நடையைப் பற்றிப் பேசுவது, கால் உடைந்தவனிடம் மாடிப்படியைக் காட்டுவது போல. ஆனால் விஷயம் உண்மைதான், அளவில்தான் கோளாறு. 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் குழு 50 வயதைத் தாண்டிய 156 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தது. சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, சிலருக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தன. ஆலோசகர் இதைச் சொன்னபோது நான் நிமிர்ந்தேன். உடனே, "அவங்க வாரம் மூணு நாள், மேற்பார்வையில செஞ்சாங்க. நீங்க இந்த வாரம் ஷூ மட்டும் போடுங்க" என்றார்.

ஷூ மட்டும். காலையில் எழுந்ததும் ஷூவைப் போட்டு நாடாவைக் கட்டி வாசலில் நிற்க வேண்டும். அப்புறமும் முடியவில்லை என்றால் கழற்றிவிடலாம், குற்றம் இல்லை. இரண்டு நாள் கழற்றினேன். மூன்றாம் நாள், கட்டினது கட்டினோம் என்று தெருமுனை வரை போய்த் திரும்பினேன். ஏழு நிமிடம். மூன்றாம் வாரத்தில் இருபது நிமிடம் ஆனது. காலை வெளிச்சமும் இதில் ஒரு மருந்து. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் வீட்டு விளக்கொளி சில நூறுதான் இருக்கும், மேகம் மூடிய நாளில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். உடம்பின் கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்வது அந்த ஒளியைப் பார்த்துத்தான்.

தூக்கம் சரியாக ரொம்ப நாள் எடுத்தது. எப்போது தூங்கினாலும் எழுகிற நேரம் ஒன்றேதான், பகலில் படுக்கை கிடையாது, விழித்துக்கொண்டு ஏறக்குறைய இருபது நிமிடம் புரண்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும், தூக்கம் சொக்கினால் மட்டும் திரும்ப வேண்டும். 1972இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் வகுத்த முறை இது. மூன்றரை மணிக்கு இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, இதை வகுத்தவரை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். ஐந்தாம் வாரம் ஒரு நாள் ஐந்தே காலுக்கு விழித்தேன். கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தேன்.

உணவைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிட்டேன், தனியாகச் சாப்பிடுவதைக் குறைத்தேன். மதுவை நிறுத்தினேன். அது அன்றைய இரவைத் தள்ளிவிடும், மறுநாள் மனநிலையைக் கீழே இழுக்கும். நோட்டில் அப்பட்டமாகத் தெரிந்தது.

பலிக்காதவையும் உண்டு. கண்ணை மூடித் தியானம் செய்யப் போனால், பழைய தப்புகள் வரிசை கட்டி வந்தன. நிறுத்திவிட்டேன். தேறிய பின் அதே தியானம் நன்றாகவே இருக்கிறது. மனச்சோர்வு திரும்பி வராமல் தடுக்கவென்றே தியானம் கலந்த ஒரு சிகிச்சை முறையும் இருக்கிறது. நன்றி சொல்லும் டைரி எழுதச் சொன்னார்கள். 'இவ்வளவு இருந்தும் இப்படிக் கிடக்கிறேனே' என்ற குற்ற உணர்ச்சிதான் மிச்சம். எல்லாவற்றையும்விட முட்டாள்தனம், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரையை யாரிடமும் கேட்காமல் ஆன்லைனில் வாங்கியது. இயற்கைதானே என்ற நினைப்பு. டாக்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னதும் முகம் மாறிவிட்டது. லேசான மனச்சோர்வுக்கு அதில் பலன் உண்டு, ஆனால் மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் செரடோனின் என்ற மூளை ரசாயனம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம், கருத்தடை மாத்திரையையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினையும் வலுவிழக்கச் செய்யும் என்று விளக்கினார். பாட்டிலை அப்புறப்படுத்தச் சொல்லி மருந்துக்கடையில் கொடுத்துவிட்டேன்.

ஆறாம் வாரம் எண் 10. கொண்டாடுகிற அளவுக்கு இல்லை. மாத்திரை தொடங்கலாமா என்று இருவரும் பேசினோம். இறங்கு முகமாக இருப்பதால் இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம் என்று முடிவு. அடுத்த வாரமே நான்கு நாள் பழையபடி படுத்துவிட்டேன். நோட்டில் அந்தப் பக்கங்கள் காலியாகவே இருக்கின்றன. ஐந்தாம் நாள் ஷூவிலிருந்து மறுபடி ஆரம்பம். பன்னிரண்டாம் வாரம் 6. அதன் பிறகு நான்கு, மூன்று என்று தங்கிவிட்டது.

என் நண்பன் ஒருவனுக்கு எண் இருபதைத் தாண்டியிருந்தது. அவனால் ஷூவைப் பற்றி யோசிக்கக்கூட முடியாது. மாத்திரை எடுத்தான், நாலைந்து வாரத்தில் எழுந்து உட்கார்ந்தான், அதன் பிறகுதான் நடக்க ஆரம்பித்தான். நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்தாமல், டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறான். அவனிடம் போய் நான் என் இயற்கை வழியைப் பெருமையாகப் பேசியிருந்தால் அது துரோகம்.

இது ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடியும் வரலாம். அதனால் கடைசி அமர்வில் எனக்கான எச்சரிக்கை அடையாளங்களை எழுதி, ஒரு பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். ஈரத்துணி மெஷினில் ஒரு ராத்திரி தங்குவது, தொடர்ந்து மூன்று நாள் விடிகாலை விழிப்பு, பதிலுக்குக் கட்டைவிரல் மட்டும் அனுப்புவது. இவற்றில் இரண்டைப் பார்த்தால் என்னைக் கேட்காமலே அவள் டாக்டரிடம் நேரம் வாங்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

போன மாதம் மீட்டிங்கில் இருக்கும்போது அவளுடைய செய்திக்கு அவசரத்தில் ஒரு கட்டைவிரலைத் தட்டினேன். அரை நிமிடத்தில் போன் அடித்தது. "மெஷின்ல துணி இருக்கா?" என்றாள். இல்லை, காலையிலேயே உலர்த்திவிட்டேன் என்றேன். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.