பழைய இன்வெர்ட்டரோடு ஒரு சோலார் பேனல்: வெயில் எங்கே வீணாகிறது?

வீட்டில் ஏற்கெனவே ஓர் இன்வெர்ட்டரும் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியும் இருக்கின்றன. மொட்டை மாடியில் 330 வாட் பேனல் ஒன்றை வைத்து, பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் வழியாக அதே பேட்டரியில் இணைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் கரண்ட் பில் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

காரணம் இன்வெர்ட்டரின் இயல்பு. ஈபி கரண்ட் இருக்கும்வரை அது அந்தக் கரண்டையே நேராக வீட்டுக்குள் விடும். பேட்டரியையும் ஈபியிலேயே நிரப்பி வைத்திருக்கும். காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏறும்போது பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருக்கும். கன்ட்ரோலர் 13.6 வோல்ட்டைப் பார்த்ததும் பேனலை ஏறக்குறைய மூடிவிடும். கரண்ட் போய் வந்த நாளில் மட்டும்தான் பேனலுக்கு வேலை.

ஆகவே பகலில் இன்வெர்ட்டருக்கு ஈபி போகாமல் தடுக்க வேண்டும். இதற்கென்றே சோலார் மேனேஜ்மென்ட் யூனிட் என்ற பெட்டி விற்கிறது. பேட்டரி நிறைந்ததும் ஈபியைத் துண்டிக்கும். வோல்ட்டேஜ் இறங்கியதும் திரும்ப இணைக்கும். செலவு குறைந்த வழி, இன்வெர்ட்டரின் பிளக்கை 16 ஆம்பியர் டைமர் சுவிட்ச்சில் மாட்டி, காலை 9 முதல் மாலை 4 வரை ஈபியை நிறுத்துவது. ஆனால் மழைநாளில் டைமருக்கு எதுவும் தெரியாது. பேட்டரி 10.5 வோல்ட் வரை வடிந்து, இன்வெர்ட்டர் தானாக அணையும் நிலைக்குப் போகும். அப்படி அடிக்கடி நடந்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். என் கருத்தில், வோல்ட்டேஜைப் பார்த்து முடிவெடுக்கும் பெட்டிதான் சரி. ஈபி திரும்ப வரும் அளவை சுமையோடு 11.8 வோல்ட்டுக்குக் கீழே வைக்கக் கூடாது.

எவ்வளவு கிடைக்கும்? தமிழ்நாட்டில் ஒரு நாள் வெயிலை ஐந்து மணி நேர முழு வெயிலாகக் கணக்கிடலாம். 330 வாட்டை ஐந்தால் பெருக்கினால் 1650 வாட்-மணி. சூடு, தூசு, கன்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் தின்றது போக நாளுக்கு ஒரு யூனிட் (1000 வாட்-மணி) கையில் நிற்கும். சாதாரண ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட். மூன்று பிஎல்டிசி ஃபேன் பகலில் எட்டு மணி நேரம் ஓடினால் 720 வாட்-மணி. மீதியில் வைஃபை, டிவி, சில எல்ஈடி பல்பு. மூன்றும் பழைய ஃபேனாக இருந்தால் அவையே 1800 வாட்-மணி கேட்கும். அதனால் பேனலுக்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் குறைவது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறுவதால், 540-இல் இருக்கும் வீடு 480-க்கு இறங்கும்போது நன்றாகவே தெரியும்.

அடுத்து, பெரும்பாலானோர் ஏமாறும் இடம் கன்ட்ரோலர். 330 வாட் பேனலில் 72 செல். வேலை செய்யும் வோல்ட்டேஜ் சுமார் 37, கரண்ட் சுமார் 9 ஆம்பியர். கன்ட்ரோலரில் பிடபிள்யூஎம், எம்பிபிடி என்று இரண்டு வகை. பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலை பேட்டரியின் வோல்ட்டேஜுக்கு இழுத்து இறக்கிவிடும். 9 ஆம்பியர், 13 வோல்ட்: 117 வாட். மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. எம்பிபிடி கன்ட்ரோலர் கூடுதல் வோல்ட்டேஜை ஆம்பியராக மாற்றித் தருவதால் நல்ல வெயிலில் பேட்டரிக்கு 18 முதல் 20 ஆம்பியர் போகும். 30 ஆம்பியர் எம்பிபிடி வாங்கினால் சரியாக இருக்கும்.

எம்பிபிடி என்று மேலே அச்சடித்து உள்ளே பிடபிள்யூஎம் வைத்த மலிவுப் பெட்டிகளும் சந்தையில் உண்டு. கண்டுபிடிப்பது எளிது. பேட்டரி பாதி காலியாக இருக்கும் நேரத்தில், நண்பகலில், ஒயரைக் கவ்வி டிசி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை முதலில் பேனல் ஒயரிலும் பிறகு பேட்டரி ஒயரிலும் மாட்டிப் பாருங்கள். பேனல் பக்கம் 7, பேட்டரி பக்கம் 18 என்றால் உண்மையான எம்பிபிடி. இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசியை மட்டும்தான் அளக்கும், கவனம்.

கன்ட்ரோலர் தாங்கும் அதிகபட்ச பேனல் வோல்ட்டேஜையும் படியுங்கள். இந்த பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜ் (எதிலும் இணைக்காதபோது காட்டும் வோல்ட்டேஜ்) 45-ஐ ஒட்டி இருக்கும். 50 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலரில் இரண்டு பேனலை சீரியஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கொடுத்தால் 90 வோல்ட் ஏறி, பெட்டி அங்கேயே புகையும்.

மாட்டும்போது வரிசை முக்கியம். முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் சில கன்ட்ரோலர்கள் பழுதாகும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். ஷார்ட் ஆனால் இந்த பேட்டரி ஆயிரம் ஆம்பியரைக்கூட ஒரு நொடியில் கொட்டும். பேனல் பக்கம் டிசிக்கென்றே செய்த எம்சிபி (கரண்ட் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்) மட்டுமே. டிசியில் கிளம்பும் தீப்பொறி ஏசியைப் போலத் தானாக அணையாது. ஏசி எம்சிபி போட்டால் உள்ளேயே எரியும்.

மாடியிலிருந்து வரும் ஒயர் 4 சதுர மில்லிமீட்டர் போதும், பத்து மீட்டருக்கு ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே இழப்பு. கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே மட்டும் 10 சதுர மில்லிமீட்டர் போட்டு ஒரு மீட்டருக்குள் முடியுங்கள்.

பேனல் தெற்கு பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வில் இருந்தால் நல்லது. படுக்கவைத்தால் மழைநீர் ஓடாமல் கீழ் விளிம்பில் சேறு படியும். தரையிலிருந்து அரை அடியாவது இடைவெளி விடுங்கள். காற்றோட்டம் இல்லாமல் செல் 65 டிகிரிக்குப் போனால் ஆறில் ஒரு பங்கு மின்சாரம் குறையும். நிழல் இன்னும் மோசம். செல்கள் எல்லாம் மூன்று பகுதிகள் கொண்ட ஒரே சங்கிலி என்பதால், ஒரு தென்னங்கீற்றின் நிழல் இரண்டு செல்லில் விழுந்தாலே பேனலின் மூன்றில் ஒரு பங்கு சும்மா நிற்கும். துணி காயப்போடும் கொடியைப் பேனலுக்குத் தெற்கே கட்டாதீர்கள். கழுவுவது விடியற்காலையில், நல்ல தண்ணீரில். போர்வெல் உப்புத்தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும்.

பேட்டரி இப்போது தினமும் வேலை செய்வதால் தண்ணீர் முன்னைவிட வேகமாகக் குறையும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்த வீடு இனி மாதம் ஒரு முறை தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவையைப் பார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் வேண்டவே வேண்டாம். முழுதும் சார்ஜ் ஆன பிறகு, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் 1.240-ஐ ஒட்டி ஒரே மாதிரி காட்ட வேண்டும். ஐந்து செல் 1.240-இல் இருக்க ஒன்று மட்டும் 1.180 என்றால் அந்தச் செல் போய்க்கொண்டிருக்கிறது. பேனலைக் குறை சொல்லாமல் பேட்டரியின் வாரன்ட்டி அட்டையைத் தேடுங்கள்.