கைஃபி கிண்டிப் பார்த்த குறிப்புகள்: எகிப்தியரின் அந்திப் புகை

பழைய எகிப்தியரின் நறும்புகைக் கலவையான கைஃபியைச் சாம்பிராணியின் இன்னொரு வகை என்று நினைத்துக் கையில் எடுத்தால் முதல் தொகுதியே வீணாகிவிடும். பிசின் அதில் கால் பங்குகூட வராது. பாதிக்கு மேல் உலர்திராட்சை. தேன் பாகு, ஊறிய பழம், சலித்த சூரணம் என்று போகும் இந்தச் செய்முறை நம்மூர் லேகியத்துக்குத்தான் உறவு. அந்தக் கண்ணோடு பார்த்தால் எங்கே பதம் தவறும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கைஃபிக்குப் பழைய செய்முறைகள் பல உண்டு. கி.மு. 1500ஐ ஒட்டிய எபர்ஸ் பாப்பிரஸ் என்ற எகிப்திய மருத்துவச் சுவடியில் வீட்டையும் துணியையும் மணக்க வைப்பதற்கான கலவை ஒன்று இருக்கிறது. அதே பொருட்களைத் தேனில் சேர்த்துப் பெண்கள் வாய்மணத்துக்கு உருண்டையாக வைத்துக்கொள்வதும் அங்கேயே வருகிறது. எட்ஃபு, ஃபிலே கோயில்களின் சுவரில் எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சமான தாலமி மன்னர்கள் காலத்தில் வெட்டிய நீளமான குறிப்புகள் இருக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் பத்துப் பொருளில் ஒன்று தருகிறார். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பதினாறு பொருளை அடுக்கிவிட்டு எடை சொல்லாமல் போய்விடுகிறார். பதிலுக்கு 16 என்ற எண்ணின் பெருமையைப் பேசுகிறார் (நான்குக்கு நான்கு சதுரத்தின் சுற்றளவும் பரப்பளவும் ஒன்றே என்று). அளவும் செய்முறையும் சுருக்கமாக ஒரே இடத்தில் கிடைப்பதால் டயோஸ்கோரிடீஸையே பின்பற்றினோம்.

அவருடைய பழைய கிரேக்க அளவுகளில் ஒரு மினா சுமார் 436 கிராம், நூறு திராக்மா ஒரு மினா, ஒரு செஸ்டெஸ் சுமார் 540 மில்லி. இந்தக் கணக்கில் மூல அளவை ஐம்பதால் வகுத்தால் வீட்டு அடுப்புக்கு ஏற்ற அளவு வரும். விதை நீக்கிய உலர்திராட்சை 105 கிராம், பிசின் 44 கிராம், வசம்பு, வாசனைப்புல், அஸ்பலாத்தோஸ் மூன்றும் தலா 8.7 கிராம், தேன் 17.5 கிராம், வெள்ளைப்போளம் 1 கிராம், பழைய ஒயின் 97 மில்லி. கோரைக்கிழங்குப் பொடியும் ஜூனிபர் பழமும் எடையில் இல்லை, கொள்ளளவில்: தலா 5.4 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல்.

நாட்டு மருந்துக் கடையில் கவனம் வேண்டும். வெறுமனே "போளம்" என்று கேட்டால் கரியபோளம் வந்துவிடலாம். அது கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி உலர்த்தியது. புகைத்தால் கசப்பு நாற்றம்தான் மிஞ்சும். கேட்க வேண்டியது வெள்ளைப்போளம். செம்பழுப்பாக, உடைத்த இடத்தில் எண்ணெய் மினுமினுப்போடு இருக்க வேண்டும். வசம்பைச் சுட்டுப் போடக்கூடாது, பச்சை மணம் உள்ள உலர்ந்த கிழங்கே தேவை. கோரைக்கிழங்கின் மேலுள்ள நாரைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் புகையில் முடி கருகிய வாடை வரும். வாசனைப்புல்லுக்கு நிழலில் உலர்த்திய எலுமிச்சைப்புல் ஓரளவு ஈடு. அஸ்பலாத்தோஸ் எந்தச் செடி என்பதில் அறிஞர்களுக்குள் உடன்பாடு இல்லை. மணமுள்ள கட்டை என்ற அளவில் தேவதாருச் சீவலை வைத்தோம். சந்தனத்தைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு: போட்டால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு நம் பூஜையறை மணமாக்கிவிடும்.

பிசின்தான் பெரிய முடிச்சு. டயோஸ்கோரிடீஸ் உருக்கச் சொல்கிறார். குந்துருக்கம் (ஃபிராங்கின்சென்ஸ்) தெளிவாக உருகாது. அதிலுள்ள கோந்து நெகிழ்ந்து, நுரைத்து, அடிப்பிடித்துக் கருகும். பைன் மரப் பிசினும் ரூமி மஸ்தகிப் பிசினும் உருகும். 34 கிராம் பைன், 10 கிராம் மஸ்தகி என்று பிரித்துக்கொண்டது நன்றாகவே அமைந்தது. சால்டரிங் வேலைக்கு விற்கும் ராசினும் பைன் பிசின்தான் என்றாலும், டர்பன்டைன் எண்ணெயைப் பிரித்தெடுத்த மிச்சம் அது. உருகும், ஒட்டும், மணம் மட்டும் தட்டையாக இருக்கும்.

முதல் நாள் வேலை ஊறல். கடைத் திராட்சையில் ஒட்டாமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள்; வெதுவெதுப்பான நீரில் அலசித் துணியில் ஒற்றி உலர்த்தாவிட்டால் அந்த எண்ணெய் கடைசிவரை தொடரும். திராட்சையை நறுக்கி, வெள்ளைப்போளத்தோடு சேர்த்து, ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைக்க வேண்டும். போளத்தின் கோந்து தண்ணீரில்தான் கரையும், பிசின் சாராயத்தில்தான் கரையும். ஒயினில் இரண்டும் இருக்கிறது. வெறும் திராட்சைச் சாறு விட்டால் பிசின் துகள் துகளாகவே நிற்கும், ஓரிரு நாளில் கலவையும் பொங்கிப் புளிக்கும். போளத்தை அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு இடித்தால் கல்வத்தில் அப்பிக்கொள்ளாது. மிக்ஸியில் போடாதீர்கள், சூடேறிப் பிளேடில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

கோரை, வசம்பு, புல், தேவதாரு எல்லாவற்றையும் தனித்தனியே இடித்து வஸ்திரகாயம் செய்ய வேண்டும், அதாவது துணியில் சலிக்க வேண்டும். ஜூனிபர் பழத்தின் உள்ளே பிசுபிசுப்பு இருப்பதால் அதைக் கோரைப் பொடியோடு சேர்த்து இடிப்பது எளிது. சூரணத்தைத் திராட்சை விழுதில் கலந்து மூடி ஒரு நாள் வைத்தோம். மறுநாள் திறந்தபோது மேலோங்கி நின்றது வசம்பு. திராட்சையும் போளமும் இருக்கும் இடமே தெரியவில்லை. இந்தக் கட்டத்து மணத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

இரண்டாம் நாள் பாகு. தேனைச் சிறு தீயில் காய்ச்சி, ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும். பிசினை நேர்த் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு தகரக் குவளையை இறக்கி உருக்குங்கள். பைன் பிசின் எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு தைரியமாக இருக்காதீர்கள், எரியும் பிசினுக்கு இறுக்கமான மூடிதான் மருந்து. மஸ்தகிக்கு இந்தச் சூடு போதாது, அரைகுறையாக இளகி நிற்கும். பைன் பிசின் உருகியபின் மஸ்தகித் தூளை அதில் தூவிக் கிளறினால் மெல்ல இழுத்துக்கொள்ளும்.

அடுத்து இரண்டையும் சேர்ப்பது. பெரும்பாலும் இங்கேதான் கெடும். பிசினும் தேனும் இயல்பில் சேராதவை. அவற்றைப் பிடித்து வைப்பது திராட்சை விழுதின் நார். விழுது குளிர்ந்திருந்தால் பிசின் தொட்ட மாத்திரத்தில் உறைந்து கண்ணாடி மணிகளாக உதிர்ந்துவிடும். விழுதை முன்னதாகவே வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துச் சூடேற்றி, பாகில் பிசினைக் கலந்த கையோடு அதையும் போட்டு விடாமல் கிண்டுங்கள். மணி கட்டிவிட்டாலும் பயமில்லை. மொத்தத்தையும் மறுபடி வெந்நீரின் மேலேற்றிப் பிசைந்தால் சரியாகும். பாத்திரத்தை விட்டுச் சுருண்டு வரும்வரை ஒயினின் ஈரத்தை வற்றவிட வேண்டும். மூலத்தில் இப்படி வற்ற வைக்கும் படி கிடையாது. நைல் கரையின் காற்று அதைச் செய்திருக்கும் என்பது எங்கள் அனுமானம். நம் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் அது நடக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

கடலை அளவு உருட்டி, தட்டில் பரப்பி, எறும்பு வராமல் தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவில் தூக்கி வைத்து நிழலில் உலர்த்தினோம். மேலே வெண்மை தெரிந்தால் உற்றுப் பாருங்கள். மணல்போல் மின்னினால் சர்க்கரை பூத்திருக்கிறது, கெடுதலில்லை. பஞ்சுபோல் இருந்தால் பூஞ்சை, அந்தத் தட்டையே தூக்கிப் போட்டுவிடுங்கள். உலர்ந்தபின் பீங்கான் ஜாடியில் அடைத்து வைத்தால் வாரத்துக்கு வாரம் வசம்பின் காரம் அடங்கி, திராட்சையும் பைனும் மேலே வரும்.

நேரடித் தணலில் போட்டால் சர்க்கரை முதலில் கருகி, எரிந்த வெல்ல வாடைதான் வரும். கைஃபி நன்றாகவே இல்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முகர்ந்திருப்பார்கள். தணலின் மேல் வறட்டிச் சாம்பலை ஒரு விரல் கனம் மூடி, அதன்மேல் அபிரகத் தகடோ அலுமினியத் தாளோ வைத்து உருண்டையை வைக்க வேண்டும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் மின் தூபக்கால் இருந்தால் 150 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒயினும் பழமும், பிறகு பைன், கடைசியில் கட்டையும் கோரையும் என்று வரிசையாக வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. புளூட்டார்க் இதைக் குடிக்கவும் செய்தார்கள் என்கிறார். நீங்கள் வாயில் வைக்க வேண்டாம்; வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது.

புளூட்டார்க் சொல்லும் இன்னொன்று புகைத்துப் பார்த்தால் புரியும். காலையில் பிசின், உச்சியில் வெள்ளைப்போளம், அந்தியில் கைஃபி என்பது எகிப்தியர் முறை. கைஃபி பகலின் பதற்றத்தைத் தளர்த்தித் தூக்கத்தையும் கனவையும் இதமாக்கும் என்கிறார். முன்னிரண்டும் கூர்மையான புகை, இது கனமாகத் தரையோடு படுக்கும். துணிக்கும் படுக்கையறைக்கும் இதை விரும்பியதில் வியப்பில்லை.

மணம் படுக்கையறையோடு நிற்கவில்லை. காதல், கோயில், கல்லறை மூன்றையும் எகிப்தியர் ஏன் வாசனையால் இணைத்தார்கள் என்பதற்குப் பதில், எகிப்தை ஆண்ட அரசி ஹட்ஷெப்சுட்டின் தேர் எல்-பஹாரி கோயில் சுவரில் இருக்கிறது. ஹட்ஷெப்சுட்டின் பிறப்பைச் சொல்லும் காட்சியில் ஆமூன் தேவன் அவள் தாய் அஹ்மோஸிடம் கணவன் உருவில் வருகிறான். அரசி கண்விழிப்பது அவன் மணத்தில். அதே கோயிலில், எகிப்துக்குத் தெற்கேயிருந்த புண்ட் நாட்டிலிருந்து நறும்பிசின் மரங்களை வேரோடு கூடையில் வைத்துக் கப்பலேற்றும் காட்சியும் இருக்கிறது. தெய்வம் வந்திருப்பதற்கு அடையாளம் மணம், கூடலுக்கு அடையாளமும் அதுவே. இறந்தவன் மறுபடி பிறக்கவும் கூடல் வேண்டும்: ஐசிஸ் தேவி பருந்துருவில் வந்து இறந்த கணவன் ஒசைரிஸிடம் மகன் ஹோரஸைக் கருவுறுவது அபிடோஸில் முதலாம் சேத்தியின் கோயிலில் செதுக்கப்பட்டிருக்கிறது. நெபாமூன் என்ற எகிப்திய அதிகாரியின் கல்லறை விருந்து ஓவியத்தில் பெண்கள் தாமரை முகர்வதும் தலையில் கூம்பு வைத்திருப்பதும் அழகுக்கு மட்டுமல்ல என்று படிப்பதே சரி.

அந்தக் கூம்புகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எகிப்தின் பழைய நகரமான அமர்னாவின் இடுகாட்டில் கிடைத்த இரண்டின் ஆய்வு 2019இல் வெளிவந்தது: தேன்மெழுகு, உள்ளே வெற்றிடம், வாசனைப் பொருளின் தடம் ஏதும் சிக்கவில்லை. கைஃபியை மெழுகில் கலந்து "எகிப்தியக் கூம்பு" என்று விற்பதற்கு அதில் ஆதாரமில்லை.

கல்லறை மணம் எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சான்று செனெட்னாய். எகிப்திய மன்னன் இரண்டாம் அமென்ஹோதெப்பின் செவிலித்தாய் அவர். அவருடைய உள்ளுறுப்பு ஜாடிகளின் எச்சத்தை ஆராய்ந்த கட்டுரை 2023இல் வந்தது. தேன்மெழுகு, தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு, பிட்டுமென் (நிலக்கீல்), பைன் குடும்பப் பிசின், கூமரின், பென்சாயிக் அமிலம் என்று பட்டியல் போகிறது. பைனை முதலிடத்தில் வைத்த எங்கள் தேர்வுக்கு இது ஒரு வகையில் துணை. தென்னிந்தியாவின் பங்கும் சின்னதாக ஒன்று உண்டு: எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்செஸின் பதப்படுத்திய உடலின் மூக்கில் மிளகு இருந்தது.

அடுத்த தொகுதிக்கு மாற்றங்கள்: வெள்ளைப்போளம் ஒரு கிராமில் காணாமல் போகிறது, மூலத்தை மீறி 4 கிராமாக்கலாம். வசம்பை 5 கிராமாகக் குறைக்கலாம். ஒயினை 70 மில்லியில் நிறுத்தினால் வற்ற வைக்கும் நேரம் மிச்சம். அது தேறியபின் புளூட்டார்க்கின் பட்டியலுக்குப் போகலாம். ஏலம் அதில்தான் வருகிறது.