தருமபுரி, கிருஷ்ணகிரிக் கோயில்களில் கல் அலங்காரத்தைப் படிப்பது எப்படி

கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போகிறவர்கள் தேசிய நெடுஞ்சாலை 44-இல் தருமபுரியை ஒரு டீ குடிக்கும் ஊராகத்தான் கடக்கிறார்கள். சிற்பம் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூர், மதுரை, இல்லாவிட்டால் எல்லை தாண்டி பேலூர், ஹளேபீடு. இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதியின் பழைய பெயரான தகடூர் நாடு நொளம்பர், சோழர், போசளர் (ஹொய்சளர்), விசயநகரத்தார் என்று பலர் மாறி மாறி ஆண்ட எல்லைப் பூமி. தஞ்சைப் பக்கம் ஒரு கோயில் பெரும்பாலும் ஒரே கையில் பேசும். இங்கே ஒரே மண்டபத்துக்குள் இரண்டு மூன்று காலத்துக் கற்கள் தோளோடு தோள் நிற்கும். அவற்றைப் பிரித்தறிவதற்கு எங்கே பார்க்க வேண்டும், எது ஏமாற்றும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் போதிகையைப் பாருங்கள். தூணின் உச்சியில் இரு பக்கமும் கை நீட்டி உத்திரத்தைத் தாங்கும் கல் அது. கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. உத்திரத்தின் அடிப்பக்கம் இழுபட்டால் விரிசல் விடும். போதிகை இரு பக்கமும் நீண்டு, தூண்களுக்கு நடுவே உத்திரம் தாங்கலில்லாமல் கிடக்கும் இடைவெளியைக் குறைக்கிறது. எந்த மண்டபமானாலும் இது வேண்டும் என்பதால் எல்லாக் காலத்துத் தச்சர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். வடிவமும் சீராக மாறி வந்திருக்கிறது. பல்லவர் காலத்தில் அடிப்பக்கம் அலை அலையாக வரிகளும் நடுவில் ஒரு பட்டையும் இருக்கும். இது தரங்கப் போதிகை. முற்காலச் சோழர்களிடமும் இது தொடர்ந்தது. பிறகு அலை மறைந்து, சாய்வாக வெட்டிய முகமும் நடுவில் துருத்தும் சிறு முனையும் வந்தன. இது வெட்டுப் போதிகை. பிற்காலச் சோழர் காலத்தில் அந்த முனை மொட்டாகத் திரளத் தொடங்குகிறது. விசயநகர காலத்தில் அது வெளியே நீண்டு தலைகீழாகத் தொங்கும் பூவாகிறது. நாயக்கர் காலத்தில் வாழைப்பூவே தொங்குவதுபோல் கனத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. போதிகை தனிக் கல். தூணின் தலையில் உள்ள தட்டையான பலகைமேல் வெறுமனே உட்கார்ந்திருப்பது. திருப்பணியின்போது பழைய தூணுக்குப் புதுப் போதிகை போட்டிருக்கலாம், பழைய போதிகையைப் புதுத் தூண்மேல் ஏற்றியும் இருக்கலாம். பலகையின் அகலமும் போதிகையின் அகலமும் பொருந்துகின்றனவா, கல்லின் நிறமும் மணியும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு தூணை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வரிசை முழுவதையும் பார்த்துவிட்டுப் பெரும்பான்மை எது என்று கணக்கிடுங்கள்.

அடுத்து நாகபந்தம். தூணின் சதுரக் கட்டு எண்பட்டையாக மாறும் இடத்தில் நான்கு மூலைகளிலும் படமெடுத்த பாம்புபோல ஒரு முக்கோணம் இருக்கும். சதுரத்தின் மூலையைச் சீவும்போது அங்கே இயல்பாகவே ஒரு முக்கோணத் திட்டு மிஞ்சும். முற்காலத் தச்சர் அதை அப்படியே விட்டார்கள். பின்வந்தவர்கள் அதை அலங்காரமாக்கினார்கள். நாகபந்தம் தெளிவாக எழுந்து நின்றால் பிற்காலச் சோழருக்கு முந்திய தூணாக அது இருக்க வாய்ப்பு குறைவு.

தருமபுரி நகரில் கோட்டை மல்லிகார்ஜுனர் கோயில் இந்தப் பயிற்சிக்கு மிக நல்ல இடம். மண்டபத்தில் தரையைத் தொடாத தூண் ஒன்றுக்கு அடியில் காகிதத்தை நுழைத்துப் பார்த்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். அங்கேயே நின்று கூரையைப் பார்க்க வேண்டும். எட்டுத் திசைக் காவலர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். யார் எவர் என்று அறிய ஊர்தி போதும். யமனின் எருமையைக் கண்டுபிடியுங்கள், அதுதான் தெற்கு. அங்கிருந்து தென்மேற்கில் மனிதன்மேல் நிருதி, மேற்கில் மகரத்தின்மேல் வருணன், வடமேற்கில் மான்மேல் வாயு, வடக்கில் குபேரன், வடகிழக்கில் காளைமேல் ஈசானன், கிழக்கில் யானைமேல் இந்திரன், தென்கிழக்கில் ஆட்டின்மேல் அக்கினி. கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கோயில் கூரையிலும் இந்த வரிசை திசையோடு ஒத்துப்போகாவிட்டால், கற்களைக் கழற்றி மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

நொளம்பர் கைவேலை என்று சொல்வது எதை? ஆந்திரத்து ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்டிருந்தவர்கள் அவர்கள். மகேந்திர நொளம்பனின் சக ஆண்டு 815, அதாவது கி.பி. 893-ஐச் சேர்ந்த கல்வெட்டு தருமபுரியில் கிடைத்திருக்கிறது. அவர்களுடைய தூண்களில் சதுரக் கட்டின் முகங்களில் உருவங்களோ வட்டப் பதக்கங்களோ இருக்கும்; அதற்குமேல் பட்டைகளும் கூர்மையான வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வரும்; மேற்பரப்பு கைக்கு வழுக்கும் அளவுக்கு மெருகேறியிருக்கும். சோழர்களுக்கு இவை எவ்வளவு பிடித்திருந்தன என்பதற்குத் திருவையாற்றுக் கோயிலில் இன்றும் நிற்கும் நொளம்பர் தூண்களே சாட்சி. அத்தனை தூரம் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அதே கோட்டை வளாகத்தில் காமாட்சியம்மன் சன்னதியின் அதிட்டானத்தில், அதாவது சுவருக்குக் கீழுள்ள அடித்தளத்தில், இராமாயணக் காட்சிகள் சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. இவற்றை நின்றபடி பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. உட்கார்ந்து, வலம் வரும் திசையில் நகர்ந்து பாருங்கள். அதிட்டானம் என்பது கீழிருந்து உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று ஏறும் வரிசை. குமுதம் உருண்டையாக இருந்தால் விருத்த குமுதம், மூன்று பட்டையாக இருந்தால் முப்பட்டைக் குமுதம். இரண்டுமே எல்லாக் காலத்திலும் உண்டு. குமுதத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். நிறையக் கோயில்களில் குமுதம் நேராகத் தரையிலிருந்தே தொடங்குவதுபோலத் தெரியும். தச்சர் அப்படிச் செய்யவில்லை. நூற்றாண்டுகளாக வெளித்தரையை உயர்த்தி, கடைசியில் சிமெண்டும் டைல்ஸும் போட்டதில் உபானமும் ஜகதியும் புதைந்துவிட்டன. ஜகதியில் கல்வெட்டு இருந்திருந்தால் அதுவும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. இது மனதை உறுத்துகிற விஷயம். தரையை உயர்த்தும் முன் அந்த ஒரு அடியை யாராவது படியெடுத்து வைத்தால்கூடப் போதும்.

மேலே கபோதத்தில், அதாவது வெளியே நீண்டு வளையும் கூரை விளிம்பில், குதிரைலாட வடிவில் வரிசையாக இருப்பவை கூடுகள். பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடுபோல் இருக்கும், உள்ளே மனிதத் தலை எட்டிப் பார்க்கும். சோழர் கூட்டின் உச்சியில் சிங்கமுகம். பின்னால் கூடு தட்டையாகி வெறும் சுருள் வட்டமாகிவிடுகிறது. சுவரில் குடத்திலிருந்து தூண் எழுந்து உச்சியில் சிறு கோபுரம் தாங்குவது கும்பபஞ்சரம். இது 12-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் பரவலாகிறது.

போசளர் பெயர் கேட்டதும் ஹளேபீடு மாதிரி எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். போசள இராமநாதன் கிருஷ்ணகிரிப் பக்கம் குந்தாணியில் இருந்து ஆண்டவன்தான். காவேரிப்பட்டினத்துக்கு அருகே பெண்ணேசுவரமடம் கோயிலில் சோழர் கல்வெட்டும் போசளர் கல்வெட்டும் உண்டு. ஆனாலும் அந்த நுண்வேலை இங்கே இல்லை; காரணம் கல். கர்நாடகத்தில் அவர்கள் பயன்படுத்திய மாக்கல் வெட்டும்போது மிருதுவாக இருந்து, காற்றுப்பட்டு இறுகும். அதில் நகைவேலை செய்யலாம். இங்கே கிடைப்பது குவார்ட்ஸ் மணிகள் நிறைந்த கருங்கல். மெல்லிய விளிம்பை உளியால் குடையப்போனால் மணி தெறித்து விளிம்பே போய்விடும். அதனால் இந்தப் பகுதித் தச்சர் அழகை வரிகளிலும் வளைவுகளிலும் நிழல் விழும் பள்ளங்களிலும் வைத்தார்கள். தாமரை இதழாகச் செதுக்கிய ஒரு பத்ம ஜகதியின் இதழ்களை மாலை வெயிலில் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிச்சம்தான் பாதி வேலை. உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும். பெரும்பாலான கோயில்கள் அப்போது நடையும் சாத்தியிருக்கும். காலை 7 முதல் 8:30 வரையும் மாலை 4:30-க்கு மேலும், பருவத்தைப் பொறுத்து வடக்குச் சுவரையோ தெற்குச் சுவரையோ பாருங்கள். சூரியன் சுவரோடு ஒட்டிச் சாயும்போது அரை மில்லிமீட்டர் ஆழக் கோடும் எழுந்து நிற்கும். மண்டபத்துக்குள் டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். கல்லுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட 15 பாகை சாய்வில் பிடியுங்கள். படமெடுக்கும்போது ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள். சாக்பீஸ், எண்ணெய், மாவு எதையும் கல்லில் தேய்க்கவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு தூசியைப் பிடித்துவைக்கும், அதை எடுக்கப்போகிறவர்கள் கல்லையும் சேர்த்துச் சுரண்டுவார்கள்.

ஏமாற்றும் இடங்கள் இவை. மணல் வீச்சில் சுத்தம் செய்த சுவர் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும், உளித் தடம் மழுங்கியிருக்கும். அங்கே நகை, ஆடை மடிப்பு, எழுத்தின் நுனி ஆகியவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பலமுறை சுண்ணாம்பு அடித்த தூணில் இதழ்களின் இடைவெளி நிரம்பி, நல்ல வேலைகூட முரட்டு வேலைபோலத் தெரியும். விமானத்தின் சுதை (சுண்ணாம்புச் சாந்து) உருவங்களைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஒவ்வொரு குடமுழுக்கிலும் அவை புதுப்பிக்கப்படுபவை. கல்வெட்டு வரி பாதியில் அறுந்து அடுத்த கல்லில் வேறு செய்தி தொடங்கினால், அந்தச் சுவர் கலைத்து அடுக்கப்பட்டது. கல்லின் ஓரத்தில் நீளமாக அரைவட்டப் பள்ளம் ஓடினால் அது இயந்திரத் துளையில் பிளந்த இக்காலக் கல். பழைய ஆப்புக் குழிகள் சிறியவை, செவ்வக வடிவில் வரிசையாக விளிம்பில் மட்டும் தெரியும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கல்குவாரியில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இந்த வித்தியாசத்தை ஒரு நொடியில் காட்டிவிடுவார்கள்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமையிலும் இரண்டாம் சனிக்கிழமையிலும் போகாதீர்கள், விடுமுறை. நடுகற்களை நிதானமாகப் பாருங்கள். வீரனின் ஆயுதம், கொண்டை, மேலே கவரி வீசும் பெண்கள் எல்லாம் கோயில் சுவரில் இருக்கும் அதே கையெழுத்தின் எளிய வடிவம்.

கடைசியாக அதியமான்கோட்டை. தருமபுரியிலிருந்து சேலம் சாலையில், ஊரை ஒட்டியே இருக்கிறது. சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபக் கூரையில் இராமாயண, பாரத ஓவியங்கள். ஃபிளாஷ் வேண்டாம், கழுத்தை ஒடித்துக்கொள்ளவும் வேண்டாம். அனுமதி கேட்டுக்கொண்டு, கைபேசியைத் தரையில் மல்லாக்க வைத்து, முன்பக்க கேமராவில் 10 விநாடி டைமர் போட்டு நகர்ந்துகொள்ளுங்கள். கூரை கோணாமல் நேராக விழும். ஒவ்வொரு தூண் இடைவெளிக்கும் ஒரு படம் என்று வரிசையாக எடுத்தால், வீட்டில் உட்கார்ந்து கதையைத் தொடர்ச்சியாகப் படிக்கலாம்.