ஈசிஆர் ஆட்டோவும் பிளவுஸ் பேப்பர் மரமும்

சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குக் கிளம்பினேன். திருவான்மியூரிலிருந்து அது இருக்கும் ஈஞ்சம்பாக்கம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆட்டோக்காரர் கேட்டது 400 ரூபாய்! "ரிட்டர்ன் சவாரி கிடைக்காது மேடம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) சவாரி கிடைக்காதாம்! வெயில் தாங்காமல் 350-க்குப் பேசி ஏறினால், பின்னாலேயே பிங்க் பஸ் வருகிறது. அதில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. வயிறு எரிந்தது.

சோழமண்டலம் ஓவியர் கிராமம், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966-இல் உருவாக்கியது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணி, கைவினைப் பொருட்கள் விற்ற காசில் நிலம் வாங்கியிருக்கிறார்கள். சென்னையில் எழுந்த நவீன ஓவியப் போக்கான மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்கான அருங்காட்சியகமும் இங்கேதான். நுழைவுக் கட்டணம் சொற்பம், தாராளமாகப் போகலாம். அறை அறையாக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் வாடகைக்கு விடும் அரங்கில் ஓர் இளம் ஓவியரின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

பெண்ணும் இயற்கையும்தான் கரு. பேனாக் கோடும், தாளை வெட்டி ஒட்டும் கொலாஜும். பெண்ணை நதியாக்குவதும் கொடியாக்குவதும் நமக்கு அலுத்துப்போன சங்கதி; இங்கேயும் அப்படி நாலைந்து இருந்தன, கடந்துவிட்டேன். ஒரு படத்தில் மட்டும் கால் நின்றுவிட்டது. முதுகு காட்டி உட்கார்ந்து தலை வாருகிறாள் ஒருத்தி. மயிரிழைகள் கீழே இறங்க இறங்க ஆலம் விழுதாகத் தடிக்கின்றன. விழுது ஊன்றும் மண், டெய்லர் பிளவுஸ் வெட்டும் பழுப்புத்தாள். 'மார்பு 36, கை 9' என்று பென்சில் எழுத்து அப்படியே தெரிகிறது. தையல் கோடு எங்கே முடிகிறது, வேர் எங்கே தொடங்குகிறது என்று மூக்கு ஒட்டப் பார்த்தும் பிடிபடவில்லை.

"அம்மா டெய்லர்க்கா. வீடு பூரா இந்தப் பேப்பர்தான் கெடக்கும்" என்றார் ஓவியர்.

பணிக்கர் முதல்வராக இருந்தபோது சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ஓவியர் டி.கே. பத்மினி ஞாபகம் வந்தது. பெண்ணுடலையும் நிலத்தையும் வரைந்தவர், 1969-இல், முப்பதைத் தொடாமலே, பிரசவத்தில் இறந்துபோனார். கொலாஜ் என்றாலே 1912, ஓவியர்கள் பிக்காசோ, பிராக் என்பார்கள். இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற அம்மாள் 1770-களிலேயே, எழுபது வயதுக்கு மேல், வண்ணத்தாளை வெட்டி ஒட்டிக் கிட்டத்தட்ட ஆயிரம் பூக்கள் செய்திருக்கிறார். அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவரை யார் சொல்கிறார்கள்?

சரி, விலை கேட்டேன். 18,000. என் வீட்டு வாடகையைவிட அதிகம். 60 ரூபாய்க்கு அஞ்சலட்டை வாங்கிக்கொண்டேன். அதிலும் இந்தப் படம் இல்லை, நதிப் பெண்தான் இருக்கிறாள். நல்லதை விட்டுவிட்டு இதைப் போய் அச்சடித்திருக்கிறார்களே!