நினைவு வந்திருச்சு

"அம்மாவுக்கு நினைவு வந்திருச்சு, போய்ப் பாருங்க" என்று நர்ஸ் சொன்னபோது, அப்பாடா என்றிருந்தது. அந்த வார்த்தை என்னை இடறியது மறுநாள்தான்.

உள்ளே போனேன். "என் கண்ணாடி எங்கடி?" என்றாள் அம்மா. எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சரியாகச் சொன்னாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, மறுபடி "என் கண்ணாடி எங்கடி?" மூக்கின் மேலேயே இருந்தது. தடவிப் பார்த்துவிட்டு அவளே சிரித்தாள், நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நேத்து நீ என்னை வந்து பார்க்கவே இல்லையே" என்கிறாள்.

டாக்டரிடம் ஓடினேன். சின்ன சிகிச்சைகளுக்கு முன் கொடுக்கும் மிடசோலம் மாதிரி மருந்துகளின் குணமே அதுதானாம். ஆள் கண் திறந்து பேசுவார், கேட்டதற்குப் பதிலும் சொல்வார். அந்த நேரம் மட்டும் மனதில் பதியாது. பழைய ஞாபகங்களுக்குச் சேதமில்லை.

ஆக, அம்மாவுக்கு நினைவு இருந்தது, ஆனால் நினைவில்லை. பிழை திருத்துவது என் பிழைப்பு. வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். இங்கே திருத்த என்ன இருக்கிறது? நாம் ஒரே சொல்லுக்குள் போட்டு வைத்திருந்த இரண்டை அந்த மருந்து தனித்தனியாகப் பிரித்துவிட்டது.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 'சுயநினைவு' என்று ஒன்று வைத்திருக்கிறோம். உயிலில் "சுயநினைவோடு எழுதி வைத்தது" என்றால் யாரும் ஞாபகசக்தி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் "நினைவு தெரிந்த நாள் முதலாக" என்கிறோமே, அங்கே 'சுய' சேர்த்துப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது. அந்த நினைவு எது? உலகம் புரிய ஆரம்பித்த நாளா, ஞாபகத்தில் தங்க ஆரம்பித்த நாளா? சொல்கிறவருக்கே தெரியாது, தெரியவும் வேண்டாம்.

'பிரக்ஞை' இருக்கிறதே என்பீர்கள். எழுத்தில் எனக்குப் பிடித்த சொல்தான். பௌத்தத்தில் அதற்கு மெய்ஞ்ஞானம் என்று பொருள், பாலியில் பஞ்ஞா. நம்மிடம் வந்து வெறும் தன்னுணர்வாக இறங்கிவிட்டது. பிறகு 'சமூகப் பிரக்ஞை', 'பிரக்ஞைபூர்வமாக' என்று கட்டுரைகளில் கொஞ்சம் அதிகமாகவே நடமாடுகிறது. மயங்கி விழுந்தவர் பக்கத்தில் நின்றுகொண்டு "பிரக்ஞை இருக்கா பாருங்க!" என்று யாரும் கத்தியதில்லை.

என்னை அசத்தியது சுரணை. 'ஸ்மரணை' என்ற வடசொல்லின் திரிபு. மூலத்தில் அதற்கும் நினைவுகூர்தல் என்றே பொருள். மயக்கம் போட்டவரை "ஸ்மரணை தப்பிடுத்து" என்று சொல்கிற வீடுகள் உண்டு. அது சுரணையாகி, பேச்சில் சொரணையாகி, மரத்துப்போன காலுக்கு வந்தது: "கிள்ளினாலும் சொரணையே இல்ல." அங்கிருந்து ஒரே தாவலில் மானம் ரோஷத்துக்கு: "உனக்கெல்லாம் சூடு சொரணை இருக்கா?" ஞாபகத்தில் புறப்பட்ட சொல் வசவில் வந்து நிற்கிறது. திட்டு வாங்கியதை ஞாபகம் வைத்திருந்தால்தானே ரோஷம் வரும்! (இது அகராதி சொல்லவில்லை, என் ஊகம்.)

இந்தச் சொற்களோடு வரும் வினைகளையும் பாருங்கள். நினைவு தப்பும், பிறகு திரும்பும், மேய்ச்சலில் வழிதவறிய ஆடு மாதிரி. மயக்கமோ தெளியும், கலங்கிய தண்ணீரை யாரும் தொடாமல் விட்டு வைத்தால் தெளிவதைப் போல. அம்மாவுக்கு அன்று மயக்கம் முழுதாகத் தெளியவில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். கண்ணாடிக் கதையைக்கூட நடித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நீ வந்திருந்தா எனக்குத் தெரியாதா?" என்றாள்.